பெயர் தெரியாத செடியின் பால்

டெல்லி மோதி பாக்கில் எங்களுக்கு அரசுக் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது சாவியோடு ஒரு செடியும் சேர்ந்து வந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். திரைச்சீலை மாட்டும் கம்பியைக்கூட விட்டுவைக்கவில்லை. பால்கனி மூலையில் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் இது மட்டும் நின்றது. என் இடுப்பு உயரம் இருக்கும். மூன்று விளிம்பு வைத்த தடித்த தண்டுகள் நாலைந்து, நெருக்கியடித்துக்கொண்டு மேலே போயின. விளிம்பு நெடுகச் சின்னச் சின்ன முட்கள், ஜோடி ஜோடியாக. முட்களுக்கு நடுவே சுண்டுவிரல் நகம் அளவுக்கு இலைகள். பச்சைத் தண்டில் சுண்ணாம்பு தொட்டு இழுத்த மாதிரி வெளுத்த வரிகள்.

"இதை மட்டும் ஏன் விட்டுட்டுப் போனாங்க?" என்றாள் மனைவி.

"லாரிக்காரன் ஏத்த மாட்டேன்னிருப்பான்."

"பாவம்லா" என்றாள். அவளுக்கு ஊர் திருநெல்வேலி. எனக்கு மன்னார்குடிப் பக்கம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் டெல்லியிலேயே இருந்தும் அவள் தமிழ் அவள் ஊரை விட்டு நகரவில்லை. பக்கத்தில் இருக்கும் தமிழ்ப் பள்ளியில் அவள் தமிழ் ஆசிரியை. நான் லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவன். எங்கள் ஒரே மகள் பெங்களூரில் படிக்கிறாள்.

நாலு வருஷம் அந்தச் செடியால் ஒரு தொந்தரவும் இல்லை. அதற்கு என்ன பெயர் என்றுகூட நாங்கள் யோசித்ததில்லை. மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் அது வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்றார். வருகிறவர்கள் எல்லோரும் கேக்டஸ் என்றார்கள். நாங்களும் கேக்டஸ் என்றோம். ஞாபகம் வந்தால் தண்ணீர் ஊற்றினோம்.

இந்த ஜனவரியில் பனிமூட்டம் இரண்டு வாரம் விடவே இல்லை. காலை பத்து மணிக்கும் எதிர் பிளாக் தெரியாது. செடி குளிரில் செத்துவிடும் என்று எனக்கு ஒரு பயம் வந்தது. வாளியோடு இழுத்துவந்து கூடத்தில் வைத்தேன். கூடத்தில் ஹீட்டர் ஓடியது. ஹீட்டர் சூட்டில் மண் காய்ந்துவிடுமே என்று தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். மாதக் கடைசியில் பார்த்தால் அடித்தண்டு மஞ்சளாகி, அங்கங்கே பழுப்பேறிக் கிடந்தது. விரலால் அழுத்தினேன். கனிந்து கெட்ட வாழைப்பழம் போல உள்ளே போயிற்று.

பெயர் தெரிந்தால் வைத்தியம் தெரியும் என்று நினைத்தேன். மகளிடம் சொன்னேன். அவள் என் போனில் செடிகளின் பெயர் சொல்லும் ஆப் ஒன்றைப் போட வைத்தாள். "போட்டோ எடுங்கப்பா, அதுவே சொல்லிடும். சிம்பிள்" என்றாள். மேலிருந்து எடுத்தேன், ஒரு பெயர் சொன்னது. பக்கவாட்டில் எடுத்தேன், வேறொன்று சொன்னது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தபோது மூன்றாவதாக ஒன்று வந்தது. மூன்றும் வாயில் நுழையாத லத்தீன். ஒன்றுக்கு வாரம் ஒருமுறை தண்ணீர், ஒன்றுக்குக் குளிர்காலம் முழுக்கத் தண்ணீரே கூடாது, இன்னொன்றுக்கு நேர் வெயில் ஆகாது. மூன்றையும் மதிய இடைவேளையில் உட்கார்ந்து படித்தேன். எதிர் மேஜைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கேக்டஸ் தானே, தன்னால சரியாயிடும்" என்று இந்தியில் சொன்னார். சாலையோரம் செடி விற்பவனிடம் போட்டோவைக் காட்டினேன். "பானி பந்த், தூப் தோ" என்றான். தண்ணீரை நிறுத்து, வெயிலில் வை. வெயில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவனும் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

தண்ணீரை நிறுத்தினேன். அழுகல் நிற்கவில்லை. நாளுக்கொரு விரற்கடை மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும் முன்பே போய் அழுத்திப் பார்ப்பேன்.

"விடுங்க. தானா வந்துச்சு, தானா போகுது" என்றாள் மனைவி.

என்னால் விட முடியவில்லை. நாலு வருஷம் நன்றாக இருந்ததை நான் கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் அது அழுகியது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் வந்திருந்தது. யாரோ ஒருவர் போட்டிருந்த வீடியோவில், அழுகிய பாகத்துக்கு மேலே நல்ல தண்டைக் குறுக்காக வெட்டி, ஒரு வாரம் காயவைத்து மறுபடி நட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று பார்த்தேன். செடியைப் பால்கனிக்கு இழுத்துப் போனேன். அடுப்படியிலிருந்து பெரிய கத்தியை எடுத்துக்கொண்டேன். முள் குத்தியதால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெட்ட வரவில்லை. மனைவி உள்ளே எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வந்து பிடியேன்."

"இந்தத் தாளை முடிச்சுட்டு வாரேன்."

"ஜல்தி வா, அரை நிமிஷம்தான்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் தாள்கட்டின் மேல் வைத்துவிட்டு வந்தாள். கண்ணாடியோடே வா என்று நான் சொல்லியிருக்கலாம்.

நாளிதழை மடித்துத் தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து நின்றாள். நான் கத்தியை வைத்து அழுத்தினேன். முதலில் இறங்கவில்லை. பலம் கொடுத்து இழுத்தேன். தண்டு சட்டென்று அறுந்து துள்ளியது. வெட்டுப்பட்ட இடத்தில் வெள்ளை வெளேரென்று பால் பொங்கியது. அவ்வளவு பால் அதற்குள் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. சுவரில் புள்ளி புள்ளியாகத் தெறித்திருந்தது.

"கண்ணுல பட்டுட்டு" என்றாள். புறங்கையால் இடது கண்ணைத் தேய்த்தாள். அந்தப் புறங்கையிலும் பால் இருந்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.

வாஷ்பேசினில் போய்க் கண்ணைக் கழுவினாள். நாலைந்து தடவை தண்ணீரை வாரி அடித்திருப்பாள். "லேசா எரியுது. சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தாள்களிடம் போனாள். நான் மீதித் தண்டுகளையும் வெட்டினேன். அதைத்தான் செய்தேன். மூன்று நல்ல துண்டுகள் தேறின. அவற்றை நாளிதழில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு அவள் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணையில் முகத்தைப் புதைத்திருந்தாள். தலையைத் தூக்கச் சொன்னேன். இடது கண் வீங்கி மூடியிருந்தது. மூடிய இமையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. திறக்கச் சொன்னேன். முயன்றுவிட்டு, "ஜன்னலைச் சாத்துங்க, வெளிச்சம் குத்துது" என்று கத்தினாள். அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. பிரசவ நேரத்தில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள்.

ஆட்டோவில் அவள் துப்பட்டாவை இரண்டு கண்ணுக்கும் மேலே கட்டிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். நான் "பையா, ஜல்தி, ஜல்தி" என்றபடியே இருந்தேன். சிக்னலில் நின்றபோது ஆட்டோக்காரர் திரும்பி, "பறந்தா போக முடியும், சாப்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவராலும் ஒன்றும் செய்ய முடியாதுதான்.

கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் வலி தெரியாமலிருக்க ஒரு சொட்டு மருந்து விட்டார். உடனே சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு, அதன் குழாயாலேயே கண்ணைக் கழுவத் தொடங்கினார். இமையைப் பிரித்துப் பிடிக்க ஒரு ஆயாம்மா. மனைவி படுத்த இடத்திலிருந்து கையைத் துழாவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் அவள் காதுக்குள்ளும் கழுத்துக்குள்ளும் ஓடியது.

"என்ன செடி?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

"பேர் தெரியாத செடியையா வெட்டினீங்க?"

திட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். நான் போனை எடுத்து ஆப் சொன்ன மூன்று பெயர்களையும் காட்டினேன். எது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "யாரையாவது கேட்டுச் சொல்லுங்க. ஒவ்வொரு செடியின் பாலும் ஒவ்வொரு மாதிரி" என்றார்.

யாரைக் கேட்பது? எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவரின் எண் என்னிடம் இருந்தது. வந்த புதிதில் அவருக்கு வந்த தபால்களைப் போபாலுக்கு அனுப்பியிருக்கிறேன். தாழ்வாரத்துக்கு வந்து அவரை அழைத்தேன்.

"ஜி, நீங்க பால்கனியில ஒரு செடி விட்டுட்டுப் போனீங்களே, அது என்ன செடி?"

நான் குறை சொல்லக் கூப்பிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். "அது எங்க செடி இல்ல. நாங்க வரும்போதே அங்கேதான் இருந்தது. ஏன், இடைஞ்சலா இருக்கா?"

நடந்ததைச் சொன்னேன். "அடடா, கடவுளே" என்றார். தனக்கு முன்னால் இருந்தவரின் எண்ணைத் தேடிக் கொடுத்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக்குரல் சொன்னது. இரண்டாம் முறையும் அடித்தேன். அதையேதான் சொன்னது.

திரும்பி உள்ளே போனபோது இமையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆயாம்மா, போட்டோவைக் காட்டச் சொன்னார். அவருக்கு ராஜஸ்தான் பக்கம் போல. இரண்டு கையும் ஒழியாததால் தலையை மட்டும் என் பக்கம் நீட்டிப் பார்த்தார்.

"இது தூஹர்தானே? எங்க ஊர்ல வேலி முழுக்க நிக்கும். ஆடுகூட வாய் வைக்காது."

காதில் தண்ணீர் நிறைந்து சரியாகக் கேட்காத மனைவி என்னைக் கேட்டாள். "என்ன சொல்லுதாவ?"

"தூஹர்ங்கறாங்க. வேலியில நிக்குமாம், ஆடுகூடத் தொடாதாம்."

"கள்ளியா?"

கள்ளிப்பால் என்ற சொல்லை நான் எத்தனை முறை செய்தித்தாளில் படித்திருப்பேன், பிறந்த பெண் குழந்தைகளைப் பற்றிய செய்திகளில். பெயிண்ட் வாளியில், வெள்ளை வரிகளோடு அழகாக நின்றதால் அது கள்ளி என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அந்தப் பாலைக் கண்ணால் பார்த்தபோதுகூடத் தோன்றவில்லை.

டாக்டர் தன் போனில் ஏதோ படித்தார். யூபோர்பியா குடும்பம், கள்ளி வகைதான், துல்லியமாக எது என்று தெரியாவிட்டாலும் வைத்தியம் செய்யலாம் என்றார். கருவிழியின் மேல்தோல் புண்ணாகியிருக்கிறது, நாளைக்கு இன்னும் மோசமாகலாம், பயப்படாதீர்கள் என்றார். "பட்ட உடனே அரை மணி நேரம் விடாமக் கழுவியிருக்கணும்" என்பதையும் சொன்னார்.

மருந்து வாங்கும் வரிசையில் நின்றபடி அந்த மூன்று பெயர்களின் பக்கங்களையும் திரும்பத் திறந்தேன். தண்ணீர், வெயில், மண் என்று நான் படித்து முடித்த இடத்துக்குக் கீழே, மூன்றிலுமே, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. பால் விஷம், கண்ணில் படக் கூடாது, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் வெட்ட வேண்டும். மூன்றில் எது சரியான பெயராக இருந்தாலும் அது பொருந்தியிருக்கும். நான் செடி பிழைப்பதற்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் படித்திருந்தேன்.

மறுநாள் டாக்டர் சொன்னபடியே மோசமாயிற்று. என் விரல்களை அவள் கண்ணுக்கு முன்னால் நீட்டினேன்.

"எத்தனை?"

"விரலா தெரியுது? நீங்க நிக்கதே பனிக்குள்ள நிக்க மாதிரி இருக்கு."

ஆபீஸுக்கு விடுப்புச் சொன்னேன். சிவப்பு மூடி பாட்டில் மணிக்கொரு முறை, வெள்ளை மூடி நாலு மணிக்கொரு முறை, மஞ்சள் மூடி காலையும் மாலையும். தாளில் கட்டம் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டினேன். எனக்குச் சொட்டு விட்டுப் பழக்கமில்லை. பாதி கன்னத்தில் விழும். அவள் கன்னத்தைத் துடைத்துக்கொள்வாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். "ஏன் கூப்பிட்டீங்க?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு. அவள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவளாகவே பேச்செடுத்தாள்.

"தாள் கட்டு அப்படியே கிடக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணும்."

"பள்ளிக்கூடத்துல சொல்லிக்கலாம்."

"வேற யாரு திருத்துவா? நீங்க வாசிங்க. நான் மார்க் சொல்லுதேன்."

அவள் கட்டிலில் சாய்ந்துகொள்ள, நான் கதவிடுக்கில் வரும் வெளிச்சத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசித்தேன். எனக்குப் பிடித்த இடம் என்று ஒரு கட்டுரை. டெல்லியில் பிறந்த பிள்ளைகள். பாதிக்கு மேல் ஷாப்பிங் மால் பற்றித்தான் எழுதியிருந்தார்கள்.

"'எனக்கு மால் பிடிக்கும். ஏனென்றால் அங்கே ஏசி நன்றாக வரும். என் அம்மா எதுவும் வாங்க மாட்டார். நாங்கள் நடந்து நடந்து வீட்டுக்கு வருவோம்.'"

அவள் முகத்தில் மூன்று நாளில் முதல் சிரிப்பு வந்தது. உடனே வாத்தியாராகிவிட்டாள். "'ஏனென்றால்'ல என்ன ற போட்டிருக்கான்?"

"சின்ன ர."

"அரை மார்க் குறைங்க."

"பாவம், நல்லா எழுதியிருக்கான்."

"நல்லாத்தான் எழுதியிருக்கான். ற தப்புல்லா."

அன்று பதினாறு தாள் முடித்தோம். ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. பத்தொன்பதாவது தாளுக்கு வந்தபோது மறுநாளாகிவிட்டது. அந்தத் தாளின் நடுவில் அவள் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

"இந்தக் கண்ணு வராமப் போச்சுன்னா, தினமும் இப்படி வாசிப்பீங்களா?"

"வரும். டாக்டர் சொன்னாங்க."

"டாக்டரு 'பாக்கலாம்'னுதான் சொன்னாவ. எனக்கு இந்தி தெரியாதா?"

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசிப்பேன் என்று சொன்னால் கண் வராது என்று ஒப்புக்கொள்வது போலாகும். சொல்லாவிட்டால் அதுவும் தப்பு. கடைசியில் விட்ட வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அவள் கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வரியை இன்னொரு தரம் சொல்லுங்க, கவனிக்கலை" என்றாள்.

பால்கனிக் கதவை நான் திறக்கவே இல்லை. வெட்டின துண்டுகள் நாளிதழில் அப்படியே கிடந்தன. அழுகிய அடித்தண்டு வாளியில் நின்றது. தூக்கிப் போட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கே போடுவது? எங்கள் பிளாக்கில் குப்பை எடுக்க வருகிற பெண் வெறுங்கையால் பிளாஸ்டிக்கைத் தனியே பிரிப்பதைத் தினம் பார்க்கிறேன். ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியும் சமையலறை ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சிமெண்டுச் சாக்கில் திணித்துக் கட்டினேன். குப்பை எடுக்கும் பெண் வந்ததும் கீழே இறங்கிப் போய், இதைப் பிரிக்காதே, பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று சொன்னேன். அவள் சாக்கையும் என் கோலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்படின்னா வீட்டுக்குள்ள ஏன் வெச்சிருந்தீங்க?" என்றாள்.

அவள் சாக்கை வண்டியின் ஓரத்தில் தனியாகச் செருகிக்கொண்டு போனாள். தள்ளுவண்டி அடுத்த பிளாக் திரும்பும் வரை நின்று பார்த்தேன். அதற்கப்புறம் அந்தச் சாக்கை யார் பிரித்தார்களோ தெரியாது.

அந்த வாரமே போபால்காரர் கூப்பிட்டார். அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. "உங்க மனைவிக்குக் கண் எப்படி இருக்கு? என் வீட்டம்மா தினமும் கேட்கிறா. நாங்க அதைத் தூக்கிப் போட்டிருக்கணும்னு சொல்லிச் சொல்லி அழறா" என்றார். பரவாயில்லை, தேறி வருகிறது என்றேன். ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். எதற்கென்று இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியவில்லை.

உண்மையிலேயே தேறித்தான் வந்தது. வீக்கம் வடிந்தது. வெளிச்சம் குத்துவது குறைந்தது. மூன்றாவது வாரப் பரிசோதனையில் டாக்டர் வலது கண்ணை மூடச் சொல்லி எழுத்துப் பலகையை வாசிக்க வைத்தார். மேலிருந்து நாலு வரி தடங்கலில்லாமல் வாசித்தாள். ஐந்தாவதில் திக்கினாள். புண் ஆறிவிட்டது, மெல்லிய தழும்பு இருக்கிறது, அது மறைய மாதக்கணக்காகலாம், ஓரளவு அப்படியே நின்றுவிடவும் கூடும் என்றார் டாக்டர். எவ்வளவு என்று நான் கேட்டேன். அதை இப்போது சொல்ல முடியாது என்றார்.

திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் அவள் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். எதிரே கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை வாசிக்கத் தொடங்கினாள். பெரிய எழுத்தில் இருந்த இந்தி வரியைச் சரியாக வாசித்தாள். அதற்குக் கீழே இருந்த ஆங்கிலத்தையும் வாசித்தாள். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி. நிறுத்தி, கழுத்தை முன்னால் நீட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். இரண்டு சொல் தப்பு.

"சரியா?"

"சரிதான்" என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாலும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இப்படிச் சொல்லாதீங்க. எனக்குத் தெரியணும்லா" என்றாள்.

"சரி" என்றேன். அவள் மறுபடியும் கண்ணைப் பொத்திக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினாள். அடுத்த ஸ்டேஷனில் ஒரு கூட்டம் ஏறி எங்களுக்கு முன்னால் அறிவிப்பை மறைத்து நின்றுகொண்டது.